கல்லாய மரமும் அதனை மெருகிடும் முறையும்

வீழ்ந்த மரம் மண்ணாதல் உலகியற்கை. கறையானும் காளானும் கண்ணுக்குப் புலனாகா நுண்ணுயிர்களுஞ் சேர்ந்து சில ஆண்டுகளுள் அதனை உண்டு தீர்த்துவிடும். எனினும், பல கோடி ஆண்டுகளின் முன் வீழ்ந்த மரங்கள் சில, வடிவங் கெடாது கல்லாய்க் கிடத்தலை உலகின் பல பாகங்களிலுங் காணலாம். இத்தகைய கல்மரத் துண்டுகளைத் தேடிப் பொறுக்கி, உருளியிலிட்டுத் தேய்த்து, கண்ணாடிபோல் மெருகேற்றுதலை அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலுள்ளார் பலர் ஓய்வுநேரத் தொழிலாகக் கொண்டுள்ளனர். விளையாட்டுப்போலத் தோன்றும் இத்தொழிலிற் புவிச்சரிதவியல், இரசாயனம், பௌதிகம் ஆகிய மூன்றும் ஒருங்கே பயிலப்படுகின்றன. அவற்றோடு ஓர் அறவினாவும் பின்னிக் கிடக்கின்றது.

மரங் கல்லாவது எங்ஙனம்? அரிசோனா மாநிலத்திலுள்ள கல்மரக் காடு இதற்குச் சிறந்த சான்றாகும். ஏறக்குறைய 22 கோடி ஆண்டுகளுக்கு முன் அப்பிரதேசம் பேராறுகள் பாய்ந்த தாழ்நிலமாக இருந்தது. வெள்ளம் அடித்துவந்த பெருமரங்கள் மணலினுள்ளுஞ் சேற்றினுள்ளும் விரைவிற் புதையுண்டன. ஆங்கு ஒட்சிசன் அரிதாகவே, அவை உக்கிப்போதல் தடைப்பட்டது. அவ்வண்டலோடு எரிமலைச் சாம்பருங் கலந்திருந்தது. நிலத்தடி நீர் அச்சாம்பரிலிருந்த சிலிக்காவைக் கரைத்து மரத்தினுட் கொண்டு சென்றது. கலங்களின் உட்குழிகளிலே சிலிக்கா படிந்தது; காலப்போக்கிற் கலச்சுவர்களின் இடத்தையும் அதுவே பற்றிக்கொண்டது. இவ்வாறு மரம் இருந்த இடத்தில் மரத்தின் வடிவந் தாங்கிய படிகக்கல் நிலைத்தது. ஆதலின், மரந் திடீரெனக் கல்லாயிற்று என்றல் பொருந்தாது. மரம் மெல்ல விலகக் கல் மெல்லக் குடிபுகுந்தது என்றலே பொருந்தும்.

தூய சிலிக்கா வெண்மையானது. கல்மரத்திற் காணப்படும் பலவகை வண்ணங்களும் அதனோடு சிறிதளவிற் கலந்துள்ள பிற பொருள்களால் விளைந்தனவே. மஞ்சள், சிவப்பு, கபிலம் என்பன இரும்பு ஒட்சைட்டுக்களால் ஆவன. கருமையும் ஊதாவும் பெரும்பாலும் மங்கனீசு ஒட்சைட்டுக்களால் ஆவன. சில துண்டுகளில் ஆண்டுவளையங்களும் கலங்களும் நுணுக்குக்காட்டியில் தெளிவாகத் தோன்றும். வேறு சிலவற்றிலோ படிகம் பெரிதாக வளர்ந்து உள்ளமைப்பு முழுவதையும் அழித்துவிட்டிருக்கும். ஒரு கனவடி கல்மரம் 160 இறாத்தலுக்கு மேல் நிறையுடையது. மோசு என்பார் வகுத்த பத்துப்படி வன்மையளவில் அதன் வன்மை ஏறத்தாழ 7 ஆகும். அஃதாவது, சாதாரண உருக்குக் கத்தியாலே கீறமுடியாத கல் அது. வன்மை மிக்கதாயினும் அது நொறுங்குந் தன்மையது. அரிசோனாவின் நெடுமரங்கள் வாளால் அறுத்தவைபோல் துண்டு துண்டாகக் கிடத்தற்குக் காரணம் இதுவே.

மெருகிடும் முறையின் அடிப்படை யாற்றினின்றுங் கற்றதாகும். ஆற்றிலே உருண்டு ஒன்றோடொன்று உராயுங் கற்கள் முனை மழுங்கிக் கூழாங்கற்களாதல் யாவரும் அறிந்ததே. ஆறு நெடுங்காலத்திற் செய்வதனை உருளி ஒருசில கிழமைகளிற் செய்கின்றது. இறப்பர் உட்பூச்சுடைய சிறிய பீப்பா ஒன்று, மோட்டரினாற் சுழலும் இரு தண்டுகளின்மேற் படுக்கையாக வைக்கப்படும். அதன் கொள்ளளவில் மூன்றிலிரண்டு பங்கு முதல் நான்கில் மூன்று பங்குவரை கற்களை இடுதல் வேண்டும். குறையின், கற்கள் எழுந்து விழுந்து மோதி உடையும். மிகின், அவை அசையா. சுழற்சியின் வேகமும் அத்தகையதே. மிகவேகமாகச் சுழற்றின் மையநீக்க விசையாற் கற்கள் சுவரோடு ஒட்டிச் சுழலும், உராய்வு நிகழாது. மேற்படைக் கற்கள் கீழ்ப்படையின்மீது மெல்லச் சறுக்கி வழியும் வேகமே தக்கது.

கற்களைத் தெரிதலே தொழிலின் பாதி எனலாம். வன்மையொத்த கற்களையே ஓர் உருளியில் இடல்வேண்டும். அன்றேல் மென்கல் தேய்ந்து மறைய, வன்கல் கரடாகவே நிற்கும். வெடிப்புள்ள துண்டு நடுவே உடைந்து, தன் கூர்முனையால் ஏனையவற்றையுங் கீறிக் கெடுக்கும். முற்றாகக் கல்லாகாது பொருக்குப் பொருக்காக உதிரும் துண்டும் ஆகாது. சிறியனவும் பெரியனவுங் கலந்திருத்தல் நன்று. சிறுகற்கள் இடைவெளிகளிற் புகுந்து எல்லாப் பக்கங்களையுந் தேய்க்கும். மெருகேற்றிய பின் நிறம் எவ்வாறிருக்கும் என்பதை அறியக் கல்லை நீரில் நனைத்துப் பார்த்தலே போதும். நீர் நுண்கீறல்களை நிரப்பி ஒளி சிதறாது தடுத்தலால், நனைந்த கல் தன் மெருகுத் தோற்றத்தைச் சிறிதுபொழுது முன்னறிவிக்கின்றது.

தேய்த்தல் நான்கு படிகளில் நிகழும். முதற் படிக்குச் சிலிக்கன் காபைட்டு என்னுந் தூள் பயன்படும். 1891 ஆம் ஆண்டு எட்வேட் அச்செசன் என்பவர் இதனைச் செயற்கையாக ஆக்கும் வழியைக் கண்டார். இதன் வன்மை 9 இற்கு மேற்பட்டது. தூளின் பருமன், அது புகும் அரிதட்டில் ஓரங்குல நீளத்துக்கு எத்தனை கண்கள் உள என்பதனாற் குறிக்கப்படும். எனவே, எண் உயரத் தூள் நுண்ணிதாகும். முதற்படியில் 60 முதல் 90 வரையும், இரண்டாம் படியில் 120 முதல் 220 வரையும், மூன்றாம் படியில் 500 அளவும் எண்ணுடைய தூள்கள் இடப்படும். மூன்றிறாத்தல் உருளிக்கு நான்கு மேசைக்கரண்டித் தூளும், கற்களின் மேன்மட்டத்தைச் சற்றே எட்டாத அளவு நீரும் போதும். ஒவ்வொரு படிக்கும் ஏறக்குறைய ஒரு கிழமை செல்லும். குழிகள் மாறாவிடின் முதற்படியை மீண்டுஞ் செய்தல் வேண்டும்; பிற்படிகள் முற்படியின் குறையை நீக்கா. ஈற்றுப்படியில் அலுமினியம் ஒட்சைட்டோ சீரியம் ஒட்சைட்டோ இடப்படும். கற்கள் மோதிச் சிதையாதிருக்கச் சிறு பிளாத்திக்கு மணிகளையும் உடனிடுவர். எஞ்சிய கீறல்கள் ஒளியலையின் நீளத்தினுஞ் சிறியனவாகும்போது, மேற்பரப்பில் விழும் ஒளி சிதறாது ஒழுங்காகத் தெறிக்கின்றது. மெருகு என்பது இதுவே.

இத்தொழிலிற் பெரிதும் வேண்டப்படுவது பொறுமையும் தூய்மையும் ஆகும். ஒரு படியினின்று மறுபடிக்குச் செல்லுமுன் கற்களையும் பீப்பாவையும் மூடியையும் நன்கு கழுவுதல் வேண்டும். வெடிப்பொன்றில் ஒளிந்திருக்கும் பருந்தூளின் ஒரு மணி, மூன்று கிழமை முயற்சியை வீணாக்கிவிடும். கழுவிய சேற்றை வீட்டு வடிகாலிலே ஊற்றலாகாது; அது குழாயினுள் இறுகிச் சீமெந்துபோல் அடைத்துவிடும். உருளியினுள்ளே சிலவேளை வாயுத் தோன்றி அமுக்கம் மிகுமாதலின், இடையிடையே மூடியைத் திறந்து மூடுதலும் வேண்டும்.

மெருகினாற் பெறுவது அழகு; இழப்பதும் ஒன்றுண்டு. பட்டையின் வடு, கிளையின் கணு, பூச்சி துளைத்த வழி என்பன கல்மரத்தின் வெளிப்புறத்திற் பதிந்திருத்தல் கூடும். உருளி இவை அனைத்தையுந் தேய்த்துவிடும். இவை மறைந்தபின், எடுத்த இடமும் குறிக்கப்படாவிடின், அக்கல் அழகிய கூழாங்கல்லேயன்றி ஆராய்ச்சிக்குரிய உயிர்ச்சுவடாகாது. எனவே, அறிந்தோர் சிறப்பான துண்டுகளை மெருகிடாது வைத்து, இடமும் நாளும் எழுதிய சீட்டை ஒட்டி, உடைந்த சிறு துண்டுகளையே உருளிக்கு விடுவர்.

இனி, அறவினாவுக்கு வருவோம். 1890 ஆம் ஆண்டுகளில் அரிசோனாக் கல்மரங்களுக்குப் பெருங்கேடு நேர்ந்தது. உள்ளேயுள்ள செவ்வந்திக்கற்களைப் பெறுதற்காக மரங்கள் வெடிவைத்து உடைக்கப்பட்டன. அவற்றை இடித்துத் தேய்ப்புத்தூளாக்குதற்கு ஆலையொன்றும் எழுப்பப்பட்டது. 1895 இல் அரிசோனாச் சட்டசபை அக்காட்டைக் காக்குமாறு அமெரிக்கக் காங்கிரசை வேண்டிற்று. 1906 திசெம்பர் 8 இல் சனாதிபதி தியோடர் றூசுவெல்ற் அதனைத் தேசிய நினைவிடமாகப் பிரகடனஞ் செய்தார். 1962 இல் அது தேசியப் பூங்காவாயிற்று. அங்கிருந்து ஒரு சிறு சில்லேனும் எடுத்தல் குற்றமாகும். எனினும், 'ஒன்றெடுத்தாற் குறைந்துவிடுமா?' என்று எடுத்துச் சென்றோர் பலர். அவருட் சிலர், ஆண்டுகள் கழித்து மனம் வருந்திக் கடிதத்தோடு அக்கற்களைத் திருப்பி அனுப்புகின்றனர். ஆயின், எவ்விடத்தினின்றும் எடுக்கப்பட்டன என்பது அறியப்படாமையின் அவை பழைய இடத்தில் வைக்கப்படுவதில்லை. 'மனச்சாட்சிக் குவியல்' எனப் பெயர்பெற்ற குவியலிற் சேர்க்கப்படுகின்றன. கல் மீண்டது, அதன் வரலாறு மீளவில்லை.

இதனால் எல்லாக் கல்மரமும் தீண்டத்தகாதது என்பதன்று. 1962 இல் இயற்றப்பட்ட சட்டத்தின் வழி, விலக்கப்படாத அமெரிக்கப் பொதுநிலங்களில் ஒருவர் தம் சொந்தத் தேவைக்காக நாளொன்றுக்கு 25 இறாத்தலும் மேலும் ஒரு துண்டும், ஆண்டொன்றுக்கு 250 இறாத்தலுக்கு மேற்படாது, இலவசமாக எடுத்தல் கூடும், விற்றல் கூடாது. தமிழ்நாட்டிலே விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையும், ஏறத்தாழ 18 மீற்றர் நீளமான ஒரே அடிமரங் கிடக்கும் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரும் பாதுகாக்கப்பட்ட இடங்கள். அங்குச் செல்வோர் கண்டு மகிழ்தலோடு அமைதல் வேண்டும்.

இயற்கை கோடியாண்டுகளில் ஆக்கியதை மனிதன் ஒரு கணத்திற் சட்டைப்பையில் இட்டுக்கொள்ளல் எளிது. எடுக்கத் தக்கதை மட்டும் எடுத்து, எடுத்த இடத்தைக் குறித்துவைத்து, பொறுமையோடு துலக்குபவனுக்கே இத்தொழில் கல்வியாகின்றது. அவனது உருளியிற் கல்லோடு கருத்தும் மெருகேறும்.