ஓய்மா நாட்டுச் சாப்பாடு

இந்தியச் சமையல் என்றதும் பஞ்சாப் ரொட்டி, வங்காளத்துக் கடுகெண்ணெய் மீன், கேரளத்துத் தேங்காயெண்ணெய் என்று மாநிலம் மாநிலமாக எண்ணுகிறோம். ஒரு சிற்றரசன் நாட்டுக்குள்ளேயே மூன்று விதச் சமையல் இருந்தது தெரியுமா?

திண்டிவனம், பிரம்மதேசம், மரக்காணம் வட்டாரம்தான் அன்றைய ஓய்மா நாடு, அதை ஆண்ட மன்னன் நல்லியக்கோடன். அவனிடம் பரிசில் பெறப் போகும் பாணர்களுக்கு வழியில் எங்கே என்ன சாப்பாடு கிடைக்கும் என்பதைச் சிறுபாணாற்றுப்படை என்ற சங்க நூலில் அழகாகச் சொல்லியிருக்கிறார் நல்லூர் நத்தத்தனார்.

கடலோர எயிற்பட்டினத்தில் சுட்ட குழல்மீன். கூடவே மீனவரான நுளையர் குலப் பெண் வடிகட்டிய பழைய கள். இன்றைய மரக்காணம் பகுதியே எயிற்பட்டினம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. வேலூரில் வேட்டுவரான எயினர் குலப் பெண்கள் ஆக்கிய சுடச்சுடப் புளிச்சோறு, காட்டுப்பசுவின் சுட்ட இறைச்சி. இது இன்றைய வேலூர் மாநகரம் அல்ல, ஓய்மா நாட்டு ஊர். வயல் சூழ்ந்த ஆமூரில் உழவர் வீட்டு வெண்சோறு, தொட்டுக்கொள்ள நண்டு. அந்த அரிசியைத் தீட்டித் தீட்டி உலக்கையின் இரும்புப் பூணே தேய்ந்துபோயிருந்ததாம். அதையும் கவனித்து எழுதியிருக்கிறார் புலவர்.