'சேம்' என்னும் சொல்லின் பூர்வோத்தரம்

ஆங்கிலம் பேசுவோர் நாள்தோறும் பலமுறை உச்சரிக்கும் 'சேம்' என்ற பதம், உருவத்தில் மிக எளியதாய், அந்தப் பாஷையிலேயே பிறந்து வளர்ந்ததுபோல் தோன்றினும், உண்மையில் கடல் கடந்து வந்து குடியேறிய ஒன்றாகும். பழைய ஆங்கிலத்தில் 'அதே', 'ஒரே' என்னும் பொருளைத் தந்துவந்த சொல் 'இல்க' என்பது. கி.பி. 793-இல் லிண்டிஸ்பார்ன் மடாலயத்தைச் சூறையாடிய வைகிங்குகளின் இனத்தார், அடுத்த நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடும்பங்களோடு நிலைத்துவிடவே, அவர்கள் வழங்கிய 'ஸம்ர்' என்ற சொல் நாளடைவில் 'சேம்' ஆகிப் பழைய சொல்லை ஒதுக்கிவிட்டது. சட்டத்தைக் குறிக்கும் 'லா' என்ற பதத்தையும் ஆங்கிலத்துக்கு அளித்தவர்கள் அந்தக் கொள்ளைக்காரர்களின் வம்சத்தாரே என்பது வேடிக்கையான விஷயந்தான்.

ஸம்ஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் ஆகியவை ஒரே மூலத்திலிருந்து தோன்றியிருத்தல் வேண்டும் என்று 1786-இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் எடுத்துரைத்த பின்னர் வளர்ந்த பாஷா ஆராய்ச்சியின்படி, வடமொழியின் 'ஸம', கிரேக்கத்தின் 'ஹோமோஸ்', லத்தீனின் 'ஸிமிலிஸ்' யாவும் இந்தச் 'சேம்' என்பதன் பந்துக்களே. ஆதியில் இருந்த ஸகரம் கிரேக்கர் நாவில் ஹகரமாக மாறியது. நோயை ஒத்ததே நோயைத் தீர்க்கும் என்று கொள்ளும் ஹோமியோபதி வைத்தியத்தின் பெயரில் முதற்பாதி அந்தக் கிளையைச் சேர்ந்ததே. தானே கொதிப்பது என்று பொருள்படும் ருஷ்யரின் தேநீர்ப் பாத்திரமாகிய 'ஸமோவார்' இன்னொரு கிளை. தமிழ் அக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று. எனினும் வடமொழியிலிருந்து பெற்ற 'சமம்', 'சமானம்' முதலியவற்றை நாம் வழங்குங்கால், ஆங்கிலேயரின் 'சேம்' என்பதற்குத் தூரத்து உறவான பதங்களையே வழங்குகிறோம்.

பொருள் விஷயத்தில் இச்சொல் சற்றே வழுக்கும் இயல்புடையது. இருவர் 'சேம்' புத்தகத்தைப் படித்தார்கள் என்றால், ஒரே பிரதியை மாற்றி மாற்றிப் படித்தார்களா, தனித்தனிப் பிரதிகளைப் படித்தார்களா என்பது சந்தர்ப்பத்தைக் கொண்டே விளங்கும். 'ஒரே வீடு', 'ஒரே மாதிரி வீடு' என்று பிரித்துரைக்கும் வசதி நமக்கு உண்டு.

வியாபாரக் கடிதங்களிலோ, முன்சொன்ன பொருளைச் சுட்டும் வெறும் பிரதிப்பெயராக இது இறங்கிவிடுகிறது. அந்த வழக்கை ஆங்கில உரைநடையின் கண்டிப்பான காவலரான பௌலர், 1926-இல் வெளியான தமது அகராதியில் கடிந்துரைத்தார். நம் நாட்டுக் காரியாலயங்களோ, 'இணைத்துள்ள பத்திரத்தில் கையொப்பமிட்டு சேமைத் திருப்பி அனுப்பவும்' என்று இன்றளவும் எழுதிக்கொண்டுதான் இருக்கின்றன.