நர்சரிக் கையும் ஆறடித் தொட்டியும்

செம்பனை நர்சரியில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தச் செடியைக் கண்டாலும் முதலில் அடி இலையைப் பார்ப்போம், அப்புறம்தான் குருத்து. மஞ்சள் எங்கே தொடங்கியிருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வைத்தியம் முடிந்த மாதிரி. நெகிரி செம்பிலான் தோட்டங்களில் நாற்றுப் பையும் மண்ணுமாகக் காலம் தள்ளிவிட்டு, இப்போது பகாவில் ஒரு தாமான் வீட்டில் இருக்கிறேன். முன்கூடத்தில் ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் ஒரு மீன் தொட்டி. மகன் ஆசையாக வாங்கியது. அவன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனதும் தொட்டி என் தலையில் விழுந்தது. "மீன் போனாப் போகுதும்மா, செடியை மட்டும் விட்டுறாதீங்க" என்று போனில் சொல்வான். மீன் பாவம்.

கானில் (வாய்க்காலில்) சண்டை மீன் பிடித்து ஹார்லிக்ஸ் போத்தலில் வளர்க்காத தோட்டத்துப் பிள்ளை உண்டா? மீன் நமக்குப் புதிதில்லை. தண்ணீருக்குள் செடி வளர்ப்பதைத்தான் பணக்காரர் பொழுதுபோக்கு என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். நர்சரி வேலை தெரிந்தவருக்கு இதில் முக்கால்வாசி தெரிந்த சங்கதிதான்.

முதலில் எடைக் கணக்கு. இந்த அளவுத் தொட்டி சுமார் 650 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே 650 கிலோ. கண்ணாடி, மணல், கட்டை, இரும்புத் தாங்கி எல்லாம் சேர்த்தால் முக்கால் டன்னைத் தாண்டிவிடும். தரை வீடு என்றால் கவலை இல்லை. அடுக்குமாடியில் இருப்பவர்கள் விவரம் தெரிந்தவரைக் கேட்காமல் வைக்கக் கூடாது.

அடுத்தது மண். 1980களில் ஹோர்ஸ்ட், கிப்பர் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் நீர்ச்செடித் தொட்டி பற்றி ஒரு புத்தகம் போட்டார்கள். தொட்டியின் அடியில் லேட்டரைட் கலந்து போடச் சொன்னார்கள். லேட்டரைட் என்றால் வேறொன்றுமில்லை, இரும்புச் சத்து ஏறிய செம்மண் வகை. வெள்ளைக்காரன் அதைப் பெட்டியில் அடைத்து விற்றான். நமக்கோ செருப்பில் ஒட்டி வீட்டுக்குள் வந்து ஏச்சு வாங்கித் தருவது அதுதான். இந்த வட்டாரத்தில் மண் ஆய்வாளர்கள் 'மலாக்கா வகை' என்று பெயரிட்ட சரளைச் செம்மண் நிறைய உண்டு. அதைச் சலித்து ஒரு அங்குலம் பரப்பி, மேலே கழுவிய ஆற்று மணலை இரண்டு அங்குலம் மூடினால் போதும். ஒரு எச்சரிக்கை: செம்பனை மரத்தடி வட்டத்து மண்ணைத் தொடவே வேண்டாம். அங்கே களைக்கொல்லி அடித்திருப்பார்கள், பாஜா (உரம்) போட்டிருப்பார்கள். மேட்டை வெட்டிய இடத்தில், மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு ஆழத்திலிருந்து எடுங்கள். வீட்டில் பாஜா மூட்டை மிச்சம் இருக்கிறதே என்று தொட்டிக்குள் கொட்டிவிடாதீர்கள். அதிலுள்ள அம்மோனியா மீனைக் கொன்றுவிடும். நீர்ச்செடிக்கென்று விற்கும் உர மாத்திரையை வேருக்குப் பக்கத்தில் புதைப்பதே பாதுகாப்பு.

குறையைக் கண்டுபிடிக்க நர்சரி பாடமே கைகொடுக்கும். செம்பனையில் மெக்னீசியம் குறைந்தால் கீழ் மட்டைகள் ஆரஞ்சு நிறமாகும், கீசரைட் போடச் சொல்வார்கள். தண்ணீர்ச் செடியிலும் கிழ இலையில் நரம்பு பச்சையாக நின்று நடுவில் வெளுத்தால் அதே குறைதான். கிழ இலையில் ஊசித் துளைகள் விழுந்தால் பொட்டாசியம். குருத்தே வெளிறி வந்தால் இரும்பு.

என்ன செடி வைப்பது? கடைக்குப் போனால் தென் அமெரிக்கச் செடிகளைத்தான் முதலில் காட்டுவார்கள். எனக்குப் பிடித்தது கிரிப்டோகொரைன். சேம்புக் குடும்பம். சேப்பங்கிழங்குக்கும் கருணைக்கும் உறவு. சிறிய இலை, தண்ணீருக்குள்ளேயே வாழும், நிழலைத் தாங்கும். இதில் கோர்டாட்டா என்ற இனம் மலாயா காட்டுச் சதுப்புகளில், தேநீர் நிறத்தில் ஓடும் புளிப்பு நீரில் வளர்கிறது. அதற்கு அறிவியல் பெயர் கொடுத்தவர் வில்லியம் கிரிஃபித். மலாக்காவில் மருத்துவராக இருந்தவர், 1845இல் தமது 34ஆம் வயதில் அங்கேயே இறந்துபோனார். அவர் எழுதி வைத்த குறிப்பு 1851இல்தான் அச்சேறியது. பர்புரியா என்ற இன்னொரு செடியை 1904இல் உலகுக்குச் சொன்னவர் ஹென்றி ரிட்லி. ஆமாம், மரம் சாகாமல் பால் வெட்டும் முறையைக் கண்டு, தோட்டக்காரர்களை ரப்பர் நடச் சொல்லி விரட்டிய அதே சிங்கப்பூர்ப் பூங்கா ரிட்லிதான். நம் பாட்டன் பாட்டியைக் கப்பலேற்றிய மரத்துக்கும் என் தொட்டிச் செடிக்கும் ஒரே ஆளிடம் சம்பந்தம் இருக்கிறது.

தமிழ்நாட்டிலும் கிரிப்டோகொரைன் உண்டு. நாட்டு மருந்துக் கடையில் நாட்டு அதிவிடயம் என்று கொடுப்பார்களே, அது கிரிப்டோகொரைன் ஸ்பைராலிஸ் செடியின் கிழங்கு. இலங்கையில் மட்டுமே விளையும் இனங்களும் பல. அவற்றில் வெண்ட்டியை உலகமெங்கும் மீன் கடைகளில் பார்க்கலாம்.

இந்தச் செடியை வாங்கி வந்து நட்டவர்கள் அதிகம் புலம்புவது ஒரு விஷயத்துக்காக. ஒரு வாரத்தில் இலையெல்லாம் கரைந்து கூழாகிவிடும். செத்துவிட்டது என்று பிடுங்கி எறிந்துவிடுவார்கள். பண்ணைகளில் பெரும்பாலும் இதைத் தண்ணீருக்கு வெளியே, ஈரக் காற்றில் வளர்த்து விற்கிறார்கள். வெளிக்காற்று இலை தண்ணீருக்குள் பிழைக்காது. வேர் உயிரோடு இருக்கும். சில வாரத்தில் தண்ணீருக்கேற்ற புது இலை விடும். நிழல் பந்தலிலிருந்து வெயிலுக்கு மாற்றும் செம்பனைக் கன்றைக் கொஞ்ச நாள் விட்டுப் பிடிக்கிறோம் இல்லையா, அந்தப் பொறுமை இங்கேயும் வேண்டும். அழுகின இலையை மட்டும் கிள்ளி எடுங்கள். அடிக்கடி பிடுங்கி இடம் மாற்றினால் மறுபடியும் கரையும்.

இன்னொன்று ஜாவா ஃபெர்ன். மலை ஓடைப் பாறைகளில் ஒட்டி வளரும் பெரணி. அதன் தண்டை மண்ணில் புதைத்தால் அழுகிவிடும். கட்டையிலோ கல்லிலோ நூலால் கட்டிவிட வேண்டும், பிறகு அதுவே பிடித்துக்கொள்ளும். இலையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் வரிசையாகக் கரும்புள்ளிகள் இருக்கும். பக்கத்து வீட்டுத் தம்பி நோய் என்று நினைத்து அத்தனை இலையையும் வெட்டிவிட்டான். அவை பெரணியின் விதைத்தூள் பைகள். இலை நுனியில் குட்டிச் செடி முளைத்து, வேரும் விட்டு, தானாக உதிரும். காசு கொடுத்து ஒரே ஒரு செடி வாங்கினால் போதும்.

அடுக்கும் கலைக்கு உலகத்தில் இரண்டு பெரிய வழிகள். டச்சுக்காரர்கள் கல், கட்டையைக் குறைத்து, செடிகளை வரிசை வரிசையாக நட்டு, ஒரே இனத்தை முன்னாலிருந்து பின்னால் சரிவாக ஏறும்படி வைப்பார்கள். அதற்கு 'லைடன் தெரு' என்று பெயர். ஜப்பானின் தகாஷி அமானோ கல்லும் கட்டையும் வைத்துக் காட்டையும் மலையையுமே தண்ணீருக்குள் கொண்டுவந்தார். 2015இல் லிஸ்பன் நகர மீன் காட்சியகத்தில் அவர் செய்த தொட்டியின் நீளம் 40 மீட்டர். அதே ஆண்டு காலமானார். முக்கோண நடவில் பழகிய என் கைக்கு டச்சு முறைதான் வந்தது. பின்னால் நாடா மாதிரி நீண்ட வாலிஸ்நேரியா, நடுவில் கிரிப்டோகொரைன், முன்னால் அதிலேயே குட்டையான பார்வா இனம். ஒரு கொத்தை மூன்று மூன்றாக இடைவெளி மாற்றி நட்டால் சீக்கிரம் அடர்ந்து தெரியும். கனமான கட்டையை மட்டும் நடுமத்தியில் வைக்காமல், இடப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு தள்ளி வைத்தேன். ரப்பர் கட்டை இதற்கு ஆகாது, சீக்கிரம் உளுத்துவிடும்.

வெளிச்சம் எட்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். மிஞ்சினால் பாசி பிடிக்கும். கரியமில வாயு சிலிண்டர் வாங்கச் சொல்லிக் கடைக்காரர் வற்புறுத்துவார். காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் அந்த வாயு பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது, அதனால் சிவப்புச் செடி, வேகச் செடி வைப்பவருக்கு அது தேவைதான். நிழல் செடிக்கு அநாவசியச் செலவு. வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றி, குழாய்த் தண்ணீரின் குளோரினை முறித்து ஊற்றுங்கள். எடுக்கும் தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்கு அருமையான உரம்.

காட்டில் கிடைப்பதைத் தோண்டி வரலாமே என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். இந்தச் செடிகள் வாழ்ந்த சதுப்புக் காடுகளை அழித்துக் கான் வெட்டி வடித்துத்தான் பல தோட்டங்கள் உருவாயின. கான் வெட்டியதும் நம் ஆட்கள்தான். இப்போது மிஞ்சியது கொஞ்சம். பகாங் எல்லையில், பகாவுக்கு வடகிழக்கே இருக்கும் தாசிக் பெரா 1994இல் மலேசியாவின் முதல் ராம்சார் ஈரநிலமானது. ரிட்லி பெயரிட்ட பர்புரியா அங்கே இன்னும் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வாருங்கள். திசு வளர்ப்பில் சிறு குப்பியில் வளர்த்த செடிகள் கடையில் கிடைக்கின்றன, பூச்சியும் நத்தையும் இல்லாமல்.

வெட்டிய செடியைக் கானில் மட்டும் கொட்டாதீர்கள். மீன் தொட்டிக்கு விற்கும் கபோம்பா தென் அமெரிக்கச் செடி. தாசிக் சீனி ஏரியில் அது பரவி, தாமரை இருந்த இடங்களையும் பிடித்துக்கொண்டது. ஒரு துண்டுத் தண்டு போதும், அது முளைத்துவிடும். வெட்டியதை வெயிலில் நன்றாகக் காயவைத்து, குப்பையில் போடுங்கள்.