நிலம் ஒருவருக்கு, மரம் ஒருவருக்கு: பழைய ஆவணங்கள் காட்டும் தோப்புரிமை

அடியேன் கிழக்கேகோட்டையில் பாத்திரக் கடை வைத்திருப்பவன். கல்லூரிப் படிப்பு கிடையாது. கடையில் கூட்டம் இல்லாத மத்தியான வேளைகளில் படித்ததுதான் என் படிப்பு. பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

இங்கே வீட்டுமனை வாங்கியபோது, மலையாளத்தில் எழுதிய ஆதாரத்தில் "குழிக்கூறு சமயங்கள்" என்று ஒரு சொல் வந்தது. நமக்குச் சமயம் என்றால் மதம், இல்லாவிட்டால் நேரம். நிலத்துக்கு எதற்கு மதம் என்று குழம்பிப்போனேன். ஆதாரம் எழுதுகிறவர் சிரித்துக்கொண்டே, "அண்ணாச்சி, அது பறம்பிலே நிக்கிற தெங்கும் பிலாவும்தான்" என்றார். மலையாளத்தில் அந்தச் சொல்லுக்கு ஒப்பனை என்று பொருள். நிலத்தின் மேல் மனிதன் சேர்த்த மரமும் கட்டடமும் அதில் அடங்கும். குழிக்கூறு என்பது குழி தோண்டிக் கன்று வைத்தவனுக்கு உரிய கூறு, அதாவது பங்கு.

நம்மூர்ப் பத்திரத்திலும் "மாவடை மரவடை" என்று எழுதுகிறோம். நிலத்தை விற்றால் மரமும் கூடவே போய்விடாதா? அதை ஏன் தனியே எழுத வேண்டும்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் அது நாலாயிரம் வருடத்துக்கு அருகே கொண்டுபோய் விடுகிறது.

பாபிலோன் சட்டம்

ஹமுராபி மன்னனின் சட்டக்கல் ஏறக்குறைய கி.மு. 1750ஐச் சேர்ந்தது. 1901-02இல் ஈரானில் உள்ள சூசா என்னும் இடத்தில் கிடைத்தது; இப்போது பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நமக்குத் தென்னை போல அந்நாட்டாருக்குப் பேரீச்சை. அந்தத் தோப்புகளுக்கென்றே பல விதிகள் உள்ளன.

ஒருவன் தன் நிலத்தைத் தோட்டக்காரனிடம் தோப்பு வைக்கக் கொடுத்தால், தோட்டக்காரன் 4 ஆண்டுகள் மரத்தை வளர்க்க வேண்டும். 5ஆம் ஆண்டில் இருவரும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். தன் பாதியை முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை நிலக்காரனுக்கு. தோட்டக்காரன் ஒரு மூலையை வைக்காமல் விட்டிருந்தால், அந்த வெறும் இடம் அவன் பங்கிலேயே சேரும். ஏற்கெனவே வளர்ந்த தோப்பைப் பராமரிக்க ஏற்றவனுக்கு விளைச்சலில் மூன்றில் ஒன்றுதான். மீதி இரண்டு பங்கு உடையவனுக்கு. வளர்ந்த மரத்தைக் காப்பவனைவிட, வெறும் மண்ணில் மரத்தை உண்டாக்கியவனுக்குப் பங்கு கூடுதல் என்பது கவனிக்கத்தக்கது. பிறர் தோப்பில் கேட்காமல் மரம் வெட்டினால் அரை மினா, அதாவது ஏறத்தாழ கால் கிலோ வெள்ளி அபராதம்.

வியாபாரிகளாகிய நமக்கும் ஒரு விதி இருக்கிறது. கடன்பட்டவன் நெருக்கடியில், "என் தோப்பில் காய்க்கிறதையெல்லாம் எடுத்துக்கொள்ளும்" என்று சொன்னாலும் கடன் கொடுத்த வணிகன் சம்மதிக்கக் கூடாது. தோப்புக்காரனே காய் பறித்து, ஏட்டில் எழுதியபடி முதலையும் வட்டியையும் கொடுக்க வேண்டும். மிஞ்சியது அவனுக்கே. காய்ப்புக்கு முன்னாலேயே தோப்பை அடிமாட்டு விலைக்குப் பேசி முடிக்கிற வழக்கம் எவ்வளவு பழையது என்று இதிலிருந்தே தெரிகிறது அல்லவா?

ஜேதவனம்

நம் நாட்டுக்கு வருவோம். அனாதபிண்டிகர் என்ற வணிகர் புத்தருக்காக ஜேத இளவரசனின் சோலையைத் தரை முழுதும் காசு பரப்பி வாங்கிய கதை பலருக்கும் தெரியும். விற்க மனமில்லாத இளவரசன் பேச்சுக்கு ஒரு விலை சொல்ல, வழக்கு நியாயாதிபதிகளிடம் போயிற்று. விலை சொன்னதால் விற்றதாகவே பொருள் என்று அவர்கள் தீர்த்தார்கள் என பௌத்த விநய நூல் கூறுகிறது. காசு பரப்பும் காட்சி பார்ஹுத் சிற்பத்தில் செதுக்கப்பட்டிருக்கிறது. அதைக் கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் காணலாம். சீன பௌத்தர்கள் அவ்விடத்துக்கு இட்ட பெயர் "ஜேதனின் மரங்கள், அனாதபிண்டிகரின் தோட்டம்" என்ற பொருளுடையது. தரை வணிகனுக்கு, மரம் இளவரசனுக்கு!

நம் செப்பேடுகள்

சோழர் காலச் சாசனங்களில் நிலத்தைக் கொடுக்கும்போது "மேல்நோக்கின மரமும் கீழ்நோக்கின கிணறும்" என்று தனித்தனியே எழுதுவார்கள். பாண்டியர் செப்பேடுகளில் "காராண்மை", "மீயாட்சி" என்று இரண்டு சொற்கள் வருகின்றன. காராண்மை பயிரிடுபவனின் உரிமை. மீயாட்சி அதற்கு மேலுள்ள உடையவனின் உரிமை. ஒரே நிலத்தில் இரண்டு உரிமை உண்டு என்பதை நம் முன்னோர் தெளிவாக அறிந்திருந்தார்கள்.

திருவனந்தபுரத்தில் உள்ள நமக்கு அருகிலேயே இரண்டு சான்றுகள் உள்ளன. ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866இல் பார்த்திவபுரத்தில் கோயிலும் 95 மாணவர்களுக்கான சாலையும் அமைத்தான். அந்த இடம் முன்சிறை சபையாருக்குச் சொந்தம். அரசன்தானே என்று பறித்துக்கொள்ளவில்லை. மாற்று நிலம் கொடுத்துத்தான் பெற்றான். அந்த நிலத்தின் பெயர் உழக்குடிவிளை. நாகர்கோவில் பக்கத்து அன்பர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, விளை என்றால் மரம் நிற்கிற தோட்டம்தான்.

மற்றொன்று 849ஐச் சேர்ந்த கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேடு. மருவான் சபீர் ஈசோ கட்டிய கிறிஸ்தவப் பள்ளிக்கு வேணாட்டு அய்யனடிகள் திருவடிகள் கொடுத்தது. அதில் விலக்கப்பட்ட வரிகளில் ஒன்று ஏணிக்காணம். மரம் ஏறுகிறவனின் ஏணிக்கு வரி! ஆனால் அதே செப்பேட்டில் ஈழவர், வண்ணார் முதலான குடிகளையும் நிலத்தோடு சேர்த்தே பள்ளிக்குக் கொடுத்திருக்கிறார்கள். மரத்தை எண்ணி எழுதியவர்கள் மரம் ஏறியவனின் விருப்பத்தைக் கேட்டு எழுதவில்லை. பழமையைப் போற்றும்போது இதையும் மறைக்கக் கூடாது.

குழிக்காணம்

பின்னாளில் கேரளத்தில் இது குழிக்காணம் என்ற முறையாக நிலைத்தது. ஜென்மி வெறும் பறம்பைக் கொடுப்பார். குடியானவன் தென்னையும் பலாவும் வைப்பான். அவனை வெளியேற்ற வேண்டுமானால் மரத்துக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். மரம் காய்த்த பிறகு ஆளைக் கிளப்பிவிடுவது மலபாரில் பெருகியதால், 1887இல் சென்னை அரசு ஈட்டுத்தொகைச் சட்டம் கொண்டுவந்தது. 1900இல் அது திருத்தி அமைக்கப்பட்டது. கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம் 1963, குழிக்காணம் என்ற சொல்லுக்கே விளக்கம் தருகிறது. 1970 ஜனவரி 1 முதல் குத்தகைமுறை ஒழிந்து, நட்டவர்கள் பலர் நிலத்துக்கே உடையவரானார்கள். யாழ்ப்பாணத் தமிழரின் தேசவழமையும் (1707இல் தொகுக்கப்பட்டது) நிலம் கொடுத்தவர், மரம் வைத்தவர் என்று இருவரைப் பிரித்துக் காண்கிறது. கன்று யார் கொடுத்தது என்பதைப் பொறுத்து மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு எனப் பங்கு.

என் கணக்கு

இவ்வளவும் எழுதுகிற எனக்கு ஒரு கடன் உண்டு. வந்தவாசிப் பக்கம் எங்கள் ஊரில் அப்பா ஒரு மேட்டுக் கொல்லையை ஒருவரிடம் கொடுத்தார். அவர் 40 மாங்கன்று வைத்து, குடத்தில் தண்ணீர் சுமந்து, ஊடே மல்லாட்டை போட்டுக் காப்பாற்றினார். எழுத்து ஒன்றும் இல்லை. அப்பா காலமான பிறகு, 2003இல் கொல்லையை விற்றேன். மரம் நின்றதால் நல்ல விலை. அன்று அவர் பத்திர ஆபீஸ் வாசலில் வந்து நின்று, "நயினாரே, நெலம் உங்களுது. மரம் நான் வச்சதுங்க" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. ஒரு வேட்டியும் ஐந்நூறு ரூபாயும் கொடுத்தேன். தாராளமாக நடந்துகொண்டதாகத்தான் அன்று நினைப்பு.

ஹமுராபி சட்டத்தைப் படித்தது அதற்குப் பின்பு. நாலு வருடத்துக்கே பாதி. இவர் உழைத்தது இருபது வருடத்துக்கு மேல். சமணர் விரதங்களில் கள்ளாமையும் ஒன்று. பிறர் கொடுக்காததை எடுக்கலாகாது. மரத்தை அவர் எனக்குக் கொடுக்கவே இல்லையே! ஊருக்குப் போனபோது அவர் இல்லை. மகனிடம் மரங்களின் விலையைக் கணக்குப் போட்டுப் பாதியைக் கொடுத்தேன். அவன் வாங்கிக்கொண்டு, "அப்பா இருக்கிறப்போ குடுத்திருந்தா சந்தோசப்பட்டிருக்கும்" என்றான். நியாயமான பேச்சு.

வெளிமாநிலத்தில் வாழும் நம்மில் பலருக்கு ஊரில் கொஞ்சம் நிலம் இருக்கிறது. அதை வேறொருவர் பார்த்துக்கொள்கிறார். அடுத்த முறை போகும்போது மரங்களை எண்ணுங்கள். யார் வைத்தது, என்ன பங்கு என்பதை இருவரும் பேசி எழுதிக்கொள்ளுங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையானால் பதிவும் செய்துகொள்ளுங்கள். களிமண்ணிலும் செம்பிலும் எழுதி வைத்தவர்கள் இருந்தார்கள். நமக்குக் காகிதம் போதும். நட்டவர் உயிரோடு இருக்கும்போதே எழுத வேண்டும், அவ்வளவுதான்.