தனுஷ்கோடி ஸ்டேஷன் ஏன் மீண்டும் எழவில்லை?

தனுஷ்கோடி ரயில் நிலையத்தைப் புயல் கொண்டுபோய்விட்டது என்பார்கள். பாதிதான் உண்மை. அதே புயலில் பாம்பன் பாலத்தின் கர்டர்களும் கடலில் விழுந்தன. ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் பொறுப்பேற்று 46 நாளில் பாலத்தைச் சரிசெய்துவிட்டார். ஸ்டேஷனை மட்டும் ஏன் அப்படியே விட்டார்கள்?

அது ஊருக்காகக் கட்டிய ஸ்டேஷன் அல்ல, கப்பலுக்காகக் கட்டியது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்தபோது பிரதான மீட்டர்கேஜ் பாதை தனுஷ்கோடிக்குத்தான் போனது. அவ்வளவு பெரிய கோயில் இருந்தும் ராமேஸ்வரத்துக்குக் கிடைத்தது பாம்பனில் பிரியும் கிளைப்பாதை. அப்போது சென்னை எழும்பூரில் போட் மெயில் ரயிலில் ஏறுபவர் கொழும்பு வரை ஒரே டிக்கெட் வாங்கலாம். தனுஷ்கோடியில் இறங்கி, சுங்கச் சோதனை முடித்து, துறையில் நிற்கும் நீராவிக் கப்பலில் ஏறினால் சில மணி நேரத்தில் இலங்கையின் தலைமன்னார். அங்கே கொழும்பு ரயில் தயாராக நிற்கும். தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலித் தொழிலாளர்களுக்கு மட்டும் இந்தப் பயணம் இவ்வளவு சுலபமில்லை. மண்டபம் முகாமில் அடைத்துவைத்து, நோய்ச் சோதனை செய்த பிறகே அனுப்பினார்கள்.

அந்தப் புயல் அடித்தது 1964 டிசம்பர் 22, நள்ளிரவில். பாம்பனிலிருந்து வந்த 653-ஆம் எண் பாசஞ்சர் ஸ்டேஷனை நெருங்குகையில் சிக்னல் வேலை செய்யவில்லை. ஓட்டுநர் சற்று நேரம் பார்த்துவிட்டு, நீளமாக விசில் கொடுத்து வண்டியை நகர்த்தினார் என்று சொல்வதுண்டு. எழும்பி வந்த கடல் வண்டியை மொத்தமாகப் புரட்டிப்போட்டது. நூறு பேருக்கு மேல் மாண்டார்கள்.

குடியிருக்கத் தகுதியற்ற இடம் என்று தனுஷ்கோடியை அரசு அறிவித்தது. மீனவர்கள் அதைப் பொருட்படுத்தாமல் திரும்பிவந்து குடிசை போட்டார்கள். கப்பல் திரும்பவில்லை, ராமேஸ்வரத்துக்கு மாறிவிட்டது. கப்பல் வராத துறைக்கு ரயில் எதற்கு? கிளைப்பாதையே பிரதான பாதையானது. 1980-களில் இலங்கைப் போர் அந்தக் கப்பலையும் நிறுத்தியது. சென்னை–ராமேஸ்வரம் ரயிலை மக்கள் இன்றும் போட் மெயில் என்றுதான் சொல்கிறார்கள், படகு போய் நாற்பது ஆண்டு ஆன பிறகும்.

இன்று அங்கே மிஞ்சியிருப்பவை பவளக்கல் சுவர்கள் சிலவும் ஒரு தண்ணீர்த் தொட்டியும். அருகில் சங்கு, பாசிமணிக் கடைகள். எதிர்க்கரை ஸ்டேஷனுக்கு வேறு விதி: போரில் அழிந்த தலைமன்னார் பாதையில் 2015-இல் மறுபடி ரயில் ஓடத் தொடங்கியது.

ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்குச் சுமார் 17 கி.மீ. புதுப் பாதைக்கு 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள். தண்டவாளம் வரவில்லை. 2017 முதல் தனுஷ்கோடியின் கோடியிலுள்ள அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருக்கிறது. சுற்றுலாப் பயணிகளுக்கு அது போதும். தலைமன்னாருக்குக் கப்பல் விடுவதானால் ரயிலைப் பற்றிப் பேசலாம்.