சிங்க்கில் குப்பை அரைக்கும் மெஷின்... நம் வீட்டுக்குச் சரிப்படுமா?

மாடுலர் கிச்சன் போடும்போது, 'சிங்க்குக்குக் கீழே ஃபுட் வேஸ்ட் டிஸ்போசர் வைத்துவிடலாமா?' என்று இப்போது கேட்கிறார்கள். நாற்றம் இல்லை, கரப்பான் இல்லை, குப்பை வண்டிக்குக் காத்திருக்க வேண்டாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? பணம் கட்டுவதற்கு முன் இதையெல்லாம் யோசித்துவிடுங்கள்.

எப்படி வேலை செய்கிறது?

இதில் மிக்ஸி போல பிளேடு கிடையாது. சுழலும் தட்டு கழிவை வேகமாகத் தள்ள, சுற்றியுள்ள சொரசொரப்பான வளையத்தில் அது தேய்ந்து, தண்ணீரோடு குழாயில் இறங்கிவிடும். 1927-ல் இதை உருவாக்கியவர் ஜான் ஹேம்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர். ஆனால், பழைய சாக்கடைக் குழாய்கள் தாங்குமா என்ற பயத்தில், நியூயார்க் நகரின் பெரும்பகுதியில் 1997 வரை இதற்குத் தடை இருந்தது!

நம்ம ஊர் சமையலுக்கு?

வாழைப்பூ மடல், வாழைத்தண்டு நார், முருங்கைக்காய் சக்கை, வெங்காயத் தோல், தேங்காய் நார், மாங்கொட்டை... இதில் எதையும் போடக்கூடாது. நார் சுற்றிக்கொண்டால் மோட்டார் திணறும். மிச்ச சோற்றை மொத்தமாகத் தள்ளினால் பசைபோல குழாயில் படியும். எண்ணெயும் ஆகாது. ஆக, மெஷின் வந்தாலும் குப்பைக்கூடை போகாது.

தண்ணீர்க் கணக்கு

அரைக்கும்போதும், முடிந்த பிறகு சில விநாடிகளும் குழாய் திறந்தே இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 6 லிட்டர் கொட்டும் குழாய் என்றால், தினமும் இரண்டு நிமிடத்துக்கு 12 லிட்டர். மாதம் 360 லிட்டர். கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டுக்கு இது சின்ன விஷயமா?

முக்கியமான கேள்வி

உங்கள் வீட்டுக் கழிவுநீர் எங்கே போகிறது? செப்டிக் டேங்க் என்றால் வண்டல் சீக்கிரம் சேரும். அடிக்கடி லாரியைக் கூப்பிட வேண்டிவரும். அப்பார்ட்மென்ட்டில் சொந்தக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால், அசோசியேஷனைக் கேட்காமல் வாங்காதீர்கள். அடைப்பு வந்தால் கீழ்வீட்டு சிங்க்கில்தான் பொங்கும். அப்புறம் அக்கம்பக்கத்தில் மனஸ்தாபம்தான் மிச்சம்.

அப்போ யாருக்கு?

பாதாளச் சாக்கடை இணைப்பும் தாராளமாகத் தண்ணீரும் இருந்து, தினமும் மாடியிறங்கிக் குப்பை கொட்ட முடியாத முதியவர்கள் தனியாக வசிக்கும் வீட்டுக்கு இது நிஜமான உதவி. மற்றவர்களுக்கு மக்கும் குப்பையைப் பிரித்துக் கொடுப்பதே போதும். பால்கனியில் இடமிருந்தால், ஓட்டை போட்ட பக்கெட்டில் காய்கறிக் கழிவையும் காய்ந்த இலையையும் மாறி மாறிப் போட்டு மூடிவையுங்கள். அவ்வப்போது கிளறிவிட்டால் இரண்டு, மூன்று மாதங்களில் ரோஜாச் செடிக்கு உரம் ரெடி. கரன்ட்டும் வேண்டாம், சர்வீஸும் வேண்டாம்!