வேடமும் வேண்டுதலும்



யமுனையின் கிழக்குக் கரையிலுள்ள மயூர் விஹாரில் நவராத்திரி வந்துவிட்டால், தமிழர் இல்லங்களில் கொலுப்படி எழும். திடல்களில் ராமலீலை மேடை எழும். அதே நாட்களில், தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் முத்தாரம்மன் கோயில் தசரா நடைபெறும். அங்கே அடியார்கள் காளியாகவும், குரங்காகவும், அரசனாகவும், பிச்சைக்காரனாகவும் தாமே வேடம் பூணுவர். தில்லியில் வளரும் நம் பிள்ளைகளும் ஒருவகையில் வேடம் பூணுகின்றனர். அவர்களுடையது பகடை உருட்டும் விளையாட்டு. இவ்விரு வேடங்களுக்கும் உறவு உண்டா என்பதே இன்று நாம் ஆராயும் பொருள்.

முதலில் விளையாட்டைக் காண்போம். 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற ஆட்டத்தை வெளியிட்டனர். ஒருவர் கதை சொல்லியாக அமர்வார். ஏனையோர் வீரன், மந்திரவாதி எனப் பாத்திரம் ஏற்பர். பாத்திரத்தின் வலிமையும் அறிவும் எண்களால் குறிக்கப்படும். கதையில் ஐயம் எழுமிடத்து இருபது முகப் பகடை தீர்ப்பளிக்கும். இவ்வாட்டத்திற்காக 1980இல் வெளிவந்த ஒரு நூல், கிரேக்கத் தெய்வங்களோடு நம் நாட்டு இந்திரனுக்கும் அக்கினிக்கும்கூட எண்கள் வகுத்துக் கொடுத்தது. அப்பத்தாண்டிலேயே, இவ்வாட்டம் இளைஞரைப் பேய் வழிபாட்டிற்கு இழுக்கிறது என்று அமெரிக்கக் கிறித்தவர் சிலர் குற்றஞ்சாட்டினர். காலப்போக்கில் கூச்சல் அடங்கியது, ஆட்டம் நிலைத்தது.

கிறித்தவத்திற்கு முற்பட்ட பல தெய்வ வழிபாட்டை ஐரோப்பியர் ‘பேகன்’ சமயம் என்பர். அச்சொல்லின் இலத்தீன் மூலத்திற்கு நாட்டுப்புறத்தான் என்பது பொருள். நாம் நாட்டார் தெய்வம் என்று வழங்குவதும் ஏறக்குறைய அப்பொருளிலேதான். ஆனால் ஐரோப்பாவில் அவ்வழிபாடு பெரும்பாலும் அற்றுப்போய், கதையாகவும் சிலையாகவும் எஞ்சியது. ஆகவே அத்தெய்வங்களை ஆட்டக் காய்களாக்குவது எளிதாயிற்று. நம்மிடையே அது அற்றுப்போகவில்லை.

சிலப்பதிகாரத்து வேட்டுவ வரியில், எயினர் குலக் குமரி ஒருத்திக்குக் கொற்றவைக் கோலம் புனைகின்றனர். பன்றிக் கொம்பு பிறையாகிறது, புலிப்பல் தாலியாகிறது. கோலம் பூண்டவள் தெய்வமாகவே வணங்கப்படுகிறாள். குலசேகரன்பட்டினத்து அடியார் அதே மரபின் வழிவந்தவர் எனலாம். நோய் தீரவோ, மகப்பேறு வேண்டியோ நேர்ந்துகொண்டவர் விரதம் இருந்து, காப்புக் கட்டி, வேடம் தரிப்பார். அவ்வேடத்தோடு வீடுவீடாகச் சென்று காணிக்கை பெறுவார். செல்வரும் கையேந்தியே ஆகவேண்டும். பெற்ற பணம் கோயில் உண்டியலில் சேரும். விசயதசமி இரவு கடற்கரையில் சூரசங்காரம் முடிந்தபின் காப்பு அவிழும்; வேடமும் கலையும்.

இரண்டிற்கும் ஒற்றுமை வெளிப்படை. இரண்டிலும் மனிதன் சிறிது காலம் தன் பெயரை விட்டு வேறொருவனாகிறான். இரண்டிலும் தொடக்கமும் முடிவும் விதியும் உண்டு. வேற்றுமையோ ஆழமானது. ஆட்டக்காரன் பாத்திரத்தைத் தன் விருப்பத்திற்கு ஏற்பான். அதன் ஆற்றல் பெருகப் பெருக மகிழ்வான். நேர்ச்சைக்காரன் தெய்வ வேடம் தாங்கியும் பிச்சை ஏற்பான். அவன் பெருகுவதில்லை, குறைகிறான். ஆட்டத்தில் தோற்றால் மீண்டும் பகடை உருட்டலாம். நேர்ச்சைக்குப் பின்னாலோ ஒரு குழந்தையின் உயிரே நிற்கக்கூடும்.

ஊரைவிட்டு வந்த நம்மவரிடையே இரு போக்குகள் உண்டு. பிள்ளைகளின் ஆட்டத்தை வீண் என்று கடிவது ஒன்று. ஊர்க்கோயில் வேடத்தை நாகரிகமற்றது என்று கூறி, பிள்ளைகளிடம் மறைப்பது மற்றொன்று. இரண்டாவது போக்கே பெரிய இழப்பைத் தருவது. நாம் சொல்லாது விட்டால், காளி என்பவள் இத்தனை வலிமை எண் கொண்ட ஒரு பாத்திரம் என்பதோடு அவர்கள் அறிவு நின்றுவிடும். தம் பாட்டனார் காலில் சலங்கை கட்டி, தெருத்தெருவாக அரிசியும் காசும் ஏற்றது யாருக்காக என்பதை அவர்கள் அறியமாட்டார்கள்.

ஆகவே ஆட்டத்தைத் தடுக்க வேண்டுவதில்லை. பகடை ஓய்ந்த ஒரு மாலையில் அவர்கள் அருகே அமர்ந்து, நம் ஊரில் யார் என்ன வேடம் கட்டினார், எதற்காகக் கட்டினார் என்பதைச் சொல்லுங்கள். கதை கேட்கப் பழகிய பிள்ளைகள் அதையும் கேட்பார்கள்.